தீட்டினாப் போதுங்க

மாரமங்கலம் பஸ் கிளம்பிப் போனதிலிருந்து கிங்ஸ்டனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஒரு வேலை முடிந்து கையை விட்டுப் போய்விட்டால், அடுத்த வேலை கைக்கு வரும்வரை அந்த மனுஷன் அப்படித்தான். பட்டறைக்கும் சமையலறைக்கும் நடப்பார். மூடியிருக்கும் டப்பாவைத் திறப்பார், திறந்திருப்பதை மூடுவார். நேராகத் தொங்கும் காலண்டரைக் கோணலாக்கி, பிறகு நேராக்குவார். போன மாதம் இப்படிச் சும்மா இருந்த ஒரு மத்தியானத்தில்தான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் போட்டார். அது இன்னும் தினத்தந்திப் பேப்பர் மேல் உதிரியாகக் கிடக்கிறது.

"ஏனுங்க, செத்த உக்காருங்க. உங்களப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி செல்வமேரி.

"உக்காந்துதான இருக்கேன் மேரி" என்றார் கிங்ஸ்டன், நின்றுகொண்டே.

ஒரு காலத்தில் அவர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது குப்பையோடு குப்பையாக வந்த ஒரு சவரக்கத்தி அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. இன்றைக்குச் சலூன்களில் பாதி பிளேடை ஒடித்துச் செருகுகிறார்களே, அந்தச் சங்கதி இல்லை. ஒரே எஃகில் அடித்து, பிடிக்குள் மடங்குகிற அசல் மடக்குக் கத்தி. துருவைத் துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து எழுத்தும் சித்திரமும் எழும்பி வந்தன. அன்றைக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை. இப்போது பெங்களூரிலும் சென்னையிலும் பழைய கத்தி சேர்க்கிறவர்களுக்கெல்லாம் ஏற்காடு கிங்ஸ்டனைத் தெரியும். தந்தப் பிடி, மாட்டுக்கொம்புப் பிடி, வெள்ளிக்கம்பி பதித்த பிடி என்று பார்சல் வந்து இறங்கும். ஒண்டிக்கடை நாற்சந்திக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னப் பட்டறையில் அவை மறுபிறவி எடுத்துக்கொண்டு போகும். உடைந்ததைப் பொருத்துவார், உதிர்ந்ததைப் பதிப்பார். குறையாக ஒன்றை விட்டுவைக்க மட்டும் அவருக்கு வராது.

இன்றைக்குப் பஸ்ஸில் போன கத்தி ராணி கொண்டுவந்தது. ராணி மாரமங்கலத்துக்காரி. ஐயாக்கண்ணு என்கிற பெரியவருடைய மருமகள். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சாப்பாட்டுக்கு ராகியும் சாமையும் என்று மலைமேல் பாடுபடுகிற குடும்பம். போன வாரம் சந்தைக்கு வந்தவள், துண்டில் சுற்றிய பொருளைத் தயங்கித் தயங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இதத் தீட்டிக் குடுக்கணுங்க. என்ற மாமனாரோடது. ஊட்டுப் பையன் ஒருத்தன் இதுல மூங்கிலச் சீவிப்புட்டான். பல்லுப் பல்லா போயிருச்சு."

கிங்ஸ்டன் துண்டைப் பிரித்தார். கத்தியை அவர் பார்க்கவே இல்லை, பிடியைத்தான் பார்த்தார். கன்னங்கரேலென்ற எருமைக்கொம்பு. அதில் பித்தளைக் கம்பியால் ஒரு கொடி. கொடியின் நுனியில், கத்தியைத் தாங்கும் ஆணிக்குச் சற்று இப்பால், கிளிஞ்சலில் செதுக்கிப் பதித்த ஒரு பூ. அசைத்தால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னியது. ஐந்து இதழ்ப் பூ. ஆனால் இதழ் நான்குதான் இருந்தது. ஐந்தாவது இருந்த இடத்தில் அழுக்கேறிய ஒரு குழி. எந்தத் துரையோ விட்டுப்போய் எந்தக் கை வழியாகவோ மாரமங்கலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிடி அவர் மேஜைக்கு வந்ததில்லை. அந்தக் குழியைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது.

"பிடியையும் சேத்துப் பாத்துடலாங்க. பூவுல ஒரு எதழு உழுந்து கெடக்குது பாருங்க" என்றார்.

"அதெல்லாம் வேணாங்க. பிடி அப்பிடியே இருக்கட்டும். தீட்டினாப் போதுங்க."

இந்தப் 'போதுங்க'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலத்துச் சீமையில் விருந்துக்கு உட்கார்ந்தவன் சொல்கிற முதல் 'போதுங்க'வுக்கு, இன்னொரு கரண்டி போடு என்று அர்த்தம். இரண்டாவது 'போதுங்க'வை இலைக்குமேல் கையை விரித்துக்கொண்டு சொல்வான். அதற்கும் விரலிடுக்கு வழியாக ஊற்றிவிட்டுப் போவார்கள். முதல் போதுங்கவை நம்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவனை மூன்று தலைமுறைக்குக் கஞ்சன் என்று பேசுவார்கள். இலையை மடித்தால்தான் அந்தப் பேச்சு முடிவுக்கு வரும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கிங்ஸ்டன், மலைக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் கூச்சத்தோடு சொன்ன 'தீட்டினாப் போதுங்க'வை வேறு எப்படிக் கேட்டிருப்பார்? நமக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்று பார்க்கிறாள், பாவம் என்றுதான் நினைத்தார். மனசுக்குள் அப்போதே கரண்டியை எடுத்துவிட்டார்.

கத்தியைத் தீட்டுகிற வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கல்லில் பல்லை இறக்கி, மெல்லிய கல்லில் கத்தியின் வாயைக் கூராக்கி, தோல்வாரில் இழுத்து, முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார். மயிர் தானாக உதிர்ந்தது. அதோடு துண்டில் சுற்றி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குழியைச் சுத்தம் செய்யும்போது ஒன்றைக் கவனித்தார். அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அடியில் ஊசியால் குடைந்ததுபோலக் கீறல்கள். எவனோ அரைகுறை வேலைக்காரன் கை வைத்திருக்கிறான் என்று முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டிக்கொண்டார். தன்னிடம் இருந்த உடைந்த பிடிகள், பழைய சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் கொட்டி, அதே சிவப்பும் பச்சையும் ஓடுகிற ஒரு துண்டைப் பொறுக்கினார். அரத்தால் அராவி இதழாக்கினார். ஒட்டினார். பூவையும் கொம்பையும் ஒரே மட்டமாக வருகிறவரை தேய்த்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பிடி முழுக்கத் தடவிப் பார்த்தார். பூ எங்கே இருக்கிறது, கொம்பு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. இருபது வருஷத்தில் இதுதான் என் வேலை என்று அவருக்குத் தோன்றியது.

அதைத்தான் இன்றைக்கு மெழுகுத்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, நூல் கட்டி, கண்டக்டர் யுவராஜிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஸ்டாப்பில் ராணி வந்து வாங்கிக்கொள்வாள் என்று ஏற்பாடு. பிரித்துப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இந்த நடை.

செல்வமேரி டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு அந்த ஊட்டுல பரிசம்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. பேத்தி கவிப்பிரியாவுக்கு. அதான் இன்னைக்கே கத்தி வேணும்னு அவசரம். பெரியவரு மூஞ்சி வழிக்காம மாப்பிள்ளை ஊட்டாளுங்க முன்னால வரமாட்டேன்னுட்டாராம்."

"வழிச்சுட்டு ராசா மாதிரி வந்து உக்காரட்டும்" என்றார் கிங்ஸ்டன்.

"எப்பிடித்தான் வழிக்கறாரோ போங்க. எனக்குன்னா கையெல்லாம் நடுங்கும். கண்ணு ரெண்டும் சுத்தமா தெரியாதாம்."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாருக்குக் கண்ணு தெரியாது?"

"அந்தப் பெரியவருக்குத்தான். நான் அன்னைக்கே சொன்னேனே. நீங்க பாலிஷ் மெஷின ஓட்டிக்கிட்டிருந்தீங்க, வந்து நின்னு சொன்னேன், தலைய ஆட்டுனீங்க. கண்ணு போனாலும் அவரே வழிச்சுக்குவாராம், யாரையும் தொட விடமாட்டாராம். பிடியில ஒரு குழி இருக்குதாம், அதுல கட்டைவிரல வெச்சுக்கிட்டா குழிக்கு இந்தப் பக்கம் கை, அந்தப் பக்கம் கத்தின்னு கணக்காம். அந்தக் குழிதான் மாமனாருக்குக் கண்ணுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

கிங்ஸ்டன் டம்ளரை வைத்தார். வைத்த இடத்தில் மேஜை இல்லை. அது தரையில் விழுந்து உருண்டது.

"என்னங்க ஆச்சு?"

"நான் அத அடைச்சுட்டேன் மேரி."

செல்வமேரிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ராணியின் நம்பருக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டார். அந்த மலைமடிப்பில் பாதி நாளுக்கு டவர் கிடைக்காது என்பது அவருக்கே தெரியும். யுவராஜின் நம்பர் அவரிடம் இல்லை. வண்டிச் சாவியைத் தேடினார். அது வழக்கம்போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓயாமல் எல்லாவற்றையும் இடம் மாற்றுகிற மனுஷன், சாவி அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒண்டிக்கடையைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. சனிக்கிழமை. கீழேயிருந்து வந்த கார்களெல்லாம் ஏரியைப் பார்க்க ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு குடும்பம் நடுரோட்டில் நின்று பனிமூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கிங்ஸ்டன் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஊரைத் தாண்டினதும் மூட்டம் இன்னும் இறங்கியது. சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் காணவில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம், மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஒரு கிழவர் அவர் கண்முன் வந்தார். நுரை போட்ட கழுத்து. கண்ணாடி மாதிரி வழுக்குகிற பிடி. அதற்கு மேல், தானே தீட்டிய வாய். கொஞ்சம் மழுங்கலாக விட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே கேட்டார். ஆண்டவரே, பஸ் பஞ்சராகட்டும் என்று வேண்டினார். அதில் மற்ற ஜனங்களும் இருப்பார்கள் என்று உடனே ஞாபகம் வந்து, சரி, பஞ்சர் வேண்டாம், மெதுவாகப் போகட்டும் என்று திருத்திக்கொண்டார். வேண்டுதலைக்கூட ஒருதடவையில் விட அவருக்குத் தெரியாது.

பாதி வழிக்கு மேல் போனபோது மூட்டத்துக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு இரண்டு வந்தன. மாரமங்கலம் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. கிங்ஸ்டன் வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். யுவராஜ் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தான்.

"குடுத்துட்டனுங்கண்ணா. பத்தரமா அந்தம்மா கையிலயே குடுத்தேன். இதுக்குப்போயி நீங்க வரோணுமா?"

"எப்பக் குடுத்த?"

"அப்பவே குடுத்தாச்சுங்க. நாங்க டீ குடிச்சுட்டு, ஆள் ஏத்திக்கிட்டுத்தான் கெளம்புனோம்."

கிங்ஸ்டன் வண்டியை எடுத்தார். அதற்கப்புறம் ரோடு அவருக்கு நினைவில்லை.

ஸ்டாப்பில் விசாரித்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறுகிற தடத்தில் வண்டி போகாதென்று போட்டுவிட்டு ஓடினார். மிளகுக்கொடி சட்டையைப் பிடித்து இழுத்தது. மேலே ஓட்டு வீடு. சாணம் தெளித்துப் பெருக்கிய வாசலில் பிளாஸ்டிக் சேர்கள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்ந்தது. தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு சேரில் ஐயாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். முகத்தில் போட்ட நுரை காய்ந்து செதில் செதிலாக நின்றது. மடக்கிய கத்தி மடியில் இருந்தது. வலது கட்டைவிரலில் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது, அதில் ரத்தம் ஊறியிருந்தது.

கழுத்தில் ஒன்றும் இல்லை. கிங்ஸ்டன் இரண்டு தடவை பார்த்தார். இல்லை.

ராணி அவரைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை.

"தீட்டினாப் போதும்னு தானுங்க சொன்னேன்" என்றாள்.

"நீங்க கூச்சப்பட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

"எதுக்குங்க கூச்சப்படணும்?"

நடந்தது இதுதான். பெட்டியை வாங்கி மாமனார் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். வழக்கம்போல அவரே பிரித்து, அவரே நுரை போட்டு, அவரே விரித்திருக்கிறார். குழியைத் தேடி விரல் மேலே போயிருக்கிறது. இல்லையே என்று இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது.

"யாரு ராணி அது?" பெரியவர் முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"கத்தி தீட்டுனவருங்க மாமா."

"வாங்க சாமி. வாய் நொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. பட்டதே தெரியல. ஈரம் ஒழுகுனப்புறந்தான் தெரிஞ்சுது." குரலில் குத்தல் ஏதும் இல்லை. நல்ல வேலையை நல்ல வேலை என்கிற ஆள் என்று தெரிந்தது. "ஆனா இது யாரோட கத்தி? என்ற கத்தி எங்கீங்க?"

"இது உங்களுதுதானுங்க பெரியவரே. பூவுல ஒரு எதழு உழுந்துபோச்சுன்னு நெனச்சு, நாந்தான் புதுசா வெச்சு அடைச்சுட்டேன். தப்பு என்றதுங்க."

"உழுகலீங்க. நாந்தான் பேத்தெடுத்தேன்."

கிங்ஸ்டன் அவர் மடியிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சு. முழுக்கப் போறதுக்குள்ளார கைக்கு ஒரு அடையாளம் பண்ணிக்கோணும்னு பாத்தேன். எந்த எதழு தோதுன்னு ஒவ்வொண்ணா விரல வெச்சு வெச்சுப் பழகிப் பாத்துட்டு, அப்புறந்தான் அத எடுத்தேன். கோணி ஊசியில. நல்ல பூவுதான். எம்பொண்டாட்டிகூடத் திட்டுனா. என்ன பண்ண, பூவப் பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு இருக்கப்போறதில்லீங்களே."

அரைகுறை வேலைக்காரன் என்று தான் திட்டியது இவரைத்தான் என்று கிங்ஸ்டனுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. உடனே, அவர் வழக்கப்படி, ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடித்தார்.

"குடுங்க பெரியவரே, ஊட்டுக்குக் கொண்டுபோயி எடுத்துட்டு வந்துடறேன். காலையில மொத பஸ்ஸுக்கு..."

"காலையில ஆளுக வந்துருவாங்க சாமி."

"அப்ப நானே வழிச்சு உடறனுங்க. எனக்குக் கை பழக்கம் இருக்குதுங்க. ஒரு கீறல் படாது."

பெரியவர் சிரித்தார். காய்ந்த நுரை கன்னத்தில் வெடித்தது. "என்ற மூஞ்சிய இன்னொருத்தன் வழிக்கற நாளு வரத்தான் போகுது. அன்னைக்கு மல்லாக்கக் கெடப்பேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் நானே பாத்துக்கறேன். ராணி, அந்தக் கோணி ஊசிய எடுத்துட்டு வா."

ராணி கொண்டுவந்தாள். கிங்ஸ்டன் எழுந்து கையை நீட்டினார். நீட்டியது பெரியவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"நீங்க கையக் கட்டிக்கிட்டு அப்பிடி உக்காருங்க சாமி."

உட்கார்ந்தார். கை கட்டினால் நிற்காது என்று தெரிந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். "ஊசிய நெருப்புல காட்டிக்குங்க. பசை எளகும்" என்று மட்டும் சொன்னார். ராணி அடுப்புக்குப் போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தாள்.

கிழவர் கத்தியை மடக்கியபடியே பிடித்து, இடதுகை விரலால் பித்தளைக் கொடியைத் தொட்டுத் தொட்டு மேலே போனார். ஒட்டியிருக்கிற இடம் விரலுக்குத் தெரியாதபடிதானே கிங்ஸ்டன் தேய்த்திருந்தார். ஊசி வழுக்கியது. கொம்பில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அந்த வழவழப்புக்காகப் பட்ட பாடெல்லாம் கிங்ஸ்டனுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் வலது பக்கம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார். ஊசி இரண்டு தடவை அடுப்புக்குப் போய்வந்தது. மூன்றாவது தடவை ஏதோ நெம்பியது. இதழ் துள்ளிப் போய், காய்கிற காப்பிக்கொட்டைக்கு நடுவில் விழுந்தது.

அது கிடந்து மின்னியது கிங்ஸ்டனுக்குத் தெரிந்தது. குனிந்து எடுக்கவில்லை.

பெரியவர் விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். டிரம்மில் கையை விட்டு அலசினார். கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் பூவின்மேல் வைத்தார். அது குழிக்குள் போய் உட்கார்ந்தது. அவ்வளவு நேரம் இறுகியிருந்த அவர் தோள் அப்போதுதான் இறங்கியது.

"இது என்றதுதான்" என்றார்.

ராணி புது நுரை போட்டுக் கொடுத்தாள். அவர் கத்தியை விரித்தார். முதலில் வலது கன்னம், காதுக்குக் கீழிருந்து ஒரே இழுப்பு. இடதுகை தோலை முன்னால் போய் இழுத்துப் பிடிக்க, கத்தி அதன் பின்னால் வந்தது. மூக்குக்குக் கீழே சின்னச் சின்னதாக நாலு கொத்து. பிறகு மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் கொடுத்தார். ரோடு முழுக்க கிங்ஸ்டன் பார்த்துக்கொண்டு வந்த அதே கழுத்து. தொண்டைமேட்டைக் கத்தி சுற்றிக்கொண்டு போயிற்று. கட்டைவிரலிலிருந்து மெல்லிசாக ரத்தம் கசிந்து பிடிவழியே இறங்கியது. விரல் குழியை விட்டு நகரவில்லை.

"என்ன சாமி, மூச்சையே காணம்?" என்றார் கிழவர், கத்தியைத் துண்டில் துடைத்துக்கொண்டே.

"இருக்குதுங்க" என்றார் கிங்ஸ்டன்.

முகம் வெளியே வந்தது. ஒடுங்கின, நல்ல களையான முகம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார வைக்கலாம். ராணி முகத்தில் முதல்தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. கிங்ஸ்டனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. இடது தாடைக்குக் கீழே, சுருக்கத்துக்குள் ஒரு நகக்கண் அளவுக்கு வெள்ளை மயிர் விட்டுப்போயிருந்தது. ஒரே ஓர் இழுப்பில் போய்விடும். அவர் பார்ப்பதை ராணியும் பார்த்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். அதற்குள் வாய் திறந்தாகிவிட்டது.

"பெரியவரே, எடது தாடைக்கு அடியில கொஞ்சூண்டு..."

ஐயாக்கண்ணு அந்த இடத்துக்கே விரலைக் கொண்டுபோனார். தேடவில்லை, நேராகப் போனார். தடவிப் பார்த்தார்.

"ஆமாங்க. அந்த மடிப்புல ஒரு நரம்பு ஓடுது. அங்க நான் கத்தி வெக்கறதில்ல."

"நான் வேணும்னா..." தொடைக்கு அடியிலிருந்து கை தானாக வெளியே வந்தது.

"போதுங்க" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுக் கத்தியை மடித்தார்.

கிங்ஸ்டன் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டார். அது அங்கேயே இருந்தது. ராணி உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.